மூன்றாவது கப்பலில் வந்தவர்கள்

சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்தான் தன் இனம் அழிந்துபோன செய்தி பிளம்பருக்குத் தெரியவந்தது. அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய மகளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஆதிக்குடிகளுக்கென்று ஒதுக்கிய இரண்டு இடங்களில் ஒன்று. மாதக் கடைசிக்குள் இனச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். பிளம்பர் ஒரு நாள் லீவு போட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஏழாம் நம்பர் ஜன்னலில் போய் நின்றார். உள்ளே இருந்த எழுத்தர் கெட்ட மனிதர் அல்ல. படிவத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து தலையணைக் கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"இனம், ஓடைக்காரர்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"ஓடைக்காரர் இப்ப இல்லைங்களே."

"யாரு இல்ல?"

"நீங்கதான்."

எழுத்தர் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தை ஜன்னல் வழியாகத் திருப்பிக் காட்டினார். பிளம்பருக்கு அவ்வளவு பொடி எழுத்தைப் படிக்கப் பழக்கமில்லை என்பதால் அவரே வாசித்தார்: "இந்நிலத்தின் ஆதிக்குடிகளான ஓடைக்காரர், முதல் கப்பல் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விஷக் காய்ச்சலால் முற்றிலும் அழிந்தனர். ஆகவே கப்பலில் வந்தோர் கண்டது ஆளில்லாத நிலம்."

"எங்க அப்பாவுக்கு இதே ஜன்னல்ல சான்றிதழ் குடுத்திருக்காங்க."

"அது பழைய வரலாறு. போன மாசத்திலேருந்து புதுசு வந்திருக்கு."

"நான் உயிரோட முன்னாடி நிக்கிறேனே."

"உங்கள இல்லைன்னு நான் சொல்லலைங்க" என்றார் எழுத்தர், உண்மையான வருத்தத்தோடு. "நீங்க இருக்கீங்க. உங்க இனம்தான் இல்ல. வரலாற்று வாரியத்துல போய்க் கேட்டுப் பாருங்க. அவங்க திருத்தினா நான் இப்பவே சீல் குத்திக் குடுத்துடுவேன்."

வரலாற்று வாரியம் பிளம்பருக்குப் புது இடமல்ல. பதினெட்டு வருடங்களாக அந்தக் கட்டடத்தின் குழாய்களை அவர்தான் பார்த்துவந்தார். நான்கு மாடி, பதினான்கு கழிப்பறை. கப்பலில் வந்தவர்கள் அதை முதலில் கிடங்காகக் கட்டி, பிறகு சிறையாக வைத்திருந்தார்கள். அவர்கள் போன பிறகு நமது அரசு அதில் வரலாறு எழுதத் தொடங்கியது. பெயர்ப்பலகை மாறியது, கொடி மாறியது. சாக்கடைக் குழாய் மட்டும் அவர்கள் போட்டதே. அதனால் யார் ஆண்டாலும் அந்தக் கட்டடத்திலிருந்து வெளியேறுவது ஒரே வழியாகத்தான் வெளியேறியது.

பிளம்பருக்குத் தெரிந்த வரலாறு சுருக்கமானது. ஓடை ஓரம் இருந்த கொள்ளுத்தாத்தாவை ஒரு கொடிக்காரர்கள் சுட்டு மலைமேல் விரட்டினார்கள். மலைச்சரிவில் இருந்த அப்பாவை வேறொரு கொடிக்காரர்கள் அணை கட்டுவதற்காகக் கீழே விரட்டினார்கள். இரண்டு தடவையும் பேண்டு வாசித்தார்கள். இப்போது நகரத்துக்கு வெளியே நூற்றிருபது தகர வீடுகளில் எல்லோரும் இருந்தார்கள். இன்னும் ஒரு தடவை விரட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார்களே தவிர, ஏற்கெனவே செத்துவிட்டோம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

வாரியச் செயலாளர் பிளம்பரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "மூணாவது மாடியில அடைப்பு. ரெண்டு நாளா நான் கீழ ஓடிவந்து போயிட்டிருக்கேன்."

"அதையும் பாக்கறேங்க. நான் வந்தது வேற விஷயமா."

விஷயத்தைக் கேட்டதும் செயலாளர் உட்கார்ந்தார். நெடுநேரம் யோசித்தார். "தப்புன்னா திருத்தறதுக்கு வழி இருக்கு. மனு குடுக்கணும். ஆனா அழிஞ்சுபோன இனம் மனு குடுக்க விதி இல்ல. அழியாத ஆள் யாராவது உங்க சார்பா கையெழுத்துப் போடணும்."

வாசல் காவல்காரர் போட்டார். அவருடைய இனம் இருப்பதாக ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது.

விசாரணை வியாழக்கிழமைக்கு வைத்தார்கள். புதன்கிழமை பிளம்பர் மூன்றாவது மாடி அடைப்பை எடுத்தார். இரும்புக் கம்பியை விட்டுச் சுழற்றியபோது முதலில் கறுப்பாகக் கூழ் வந்தது. பிறகு காகிதம் வந்தது. ஒன்று இரண்டல்ல, கட்டுக்கட்டாக வந்தது. கிழித்துப் போட்டால் யாராவது ஒட்டிப் படித்துவிடுவார்கள் என்று வாரியத்தார் பழைய கைப்பிரதிகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் படிக்கட்டு வரை போனது. பிளம்பர் வழக்கம்போல் வாளியில் அள்ளினார். அப்போது ஒரு தாளில் 'ஓடை' என்று பெரிய எழுத்தில் தலைப்பு இருந்தது தெரிந்தது. அதை மட்டும் தனியாக எடுத்துக் குழாயடியில் அலசி, பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மகள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தாளைத் தகரத்தின் மேல் காயவைத்துப் படித்தாள். "இவர்கள் பள்ளத்தாக்கிலிருந்து துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டனர். இவர்களின் வழித்தோன்றல்கள் நூற்றிருபது குடும்பத்தினர் இன்றும் வாழ்கின்றனர்."

"பாத்தீங்களாப்பா. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

பிளம்பரின் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். பிறருடைய அழுக்கில் அவளுக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. "தெரியாம தப்பு பண்ணினவன்தான் திருத்துவான்" என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை முதல் மாடியிலுள்ள குமா அரங்கத்தில் நடந்தது. நீண்ட மேஜையின் நடுவில் வாரியத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் ஆதிக்குடி ஆய்வில் பட்டம் பெற்ற பேராசிரியர். இடப்பக்கம் நட்பு நாட்டின் பண்பாட்டு ஆலோசகர். நூறு வருடம் நம்மை ஆண்ட நாட்டுக்குப் புதிய வரலாற்றில் நட்பு நாடு என்று பெயர். புத்தகத்துக்குக் காகிதம் கொடுத்தது அவர்கள்தான். செயலாளர் ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் கேக் இருந்தது. பிளம்பருக்கு நாற்காலி போடவில்லை. அவமதிக்க வேண்டும் என்பதல்ல. இல்லாத இனத்துக்கு எந்த வரிசையில் நாற்காலி போடுவது என்று விதியில் இல்லை.

பேராசிரியர் முதலில் அவரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். ஓடைக்காரரை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. முப்பது வருட ஆய்வில் அதற்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

"உங்க பாஷையில தண்ணிக்கு என்ன?"

பிளம்பர் சொன்னார்.

"தப்பு" என்றார் பேராசிரியர். "குமா. என் அகராதியில முதல் சொல்லே அதுதான். இந்த அரங்கத்துக்கே அதனாலதான் அந்தப் பேர். முதல் கப்பல்ல வந்த அதிகாரி ஓடைக்கரையில நேரடியாக் கேட்டு எழுதி வச்ச சொல்."

பிளம்பர் தயங்கினார். இந்த அரங்கத்துக்கு ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று அவரும் பதினெட்டு வருடமாக யோசித்ததுண்டு. பெரிய மனிதர்கள், ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"ஐயா, குமான்னா தண்ணி இல்லீங்க. நாயை விரட்டறதுக்குச் சொல்றது. போ அந்தப் பக்கம்னு அர்த்தம். அந்த அதிகாரி கிட்ட வந்திருப்பாருங்க. எங்க ஆளு அவரப் பார்த்துச் சொல்லியிருப்பாங்க."

காவல்காரர் வாசலில் இருமினார். பேராசிரியர் நிதானம் இழக்கவில்லை. "தாய்மொழி பேசறவங்ககிட்ட இதுதான் சிக்கல். இஷ்டத்துக்குப் பேசி மொழியைக் கெடுத்துடறாங்க. ஓடைமொழி சுத்தமா இருக்கறது அகராதியில மட்டும்தான்." இதைக் குறித்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டார்.

"அது போகட்டும்" என்றார் தலைவர். "முதல் கப்பல் வந்தப்போ உங்க ஆளுங்க இங்க இருந்தாங்கங்கறதுதான் உன் மனு, இல்லையா? காய்ச்சல்ல சாகலைன்னு சொல்ற."

"சாகலைங்க. சுட்டாங்க. மேல ஏறற பாதையில. இடத்த எங்க அப்பா எனக்குக் காட்டியிருக்காரு."

"அந்த இடம் இப்ப எங்க இருக்கு?"

"அணைத் தண்ணிக்குள்ள."

"பாத்தியா. ஆதாரம் இல்ல."

பிளம்பர் பிளாஸ்டிக் பையைப் பிரித்துத் தாளை மேஜைமேல் வைத்தார். தலைவர் ஆர்வமாகக் குனிந்தார். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். ஆலோசகர் கேக் தட்டைக் கைக்குட்டையால் மூடினார். எழுத்து தன்னுடையது என்பதைச் செயலாளர் தூரத்திலிருந்தே கண்டுகொண்டு கூரையைப் பார்த்தார்.

"இது எங்க கிடைச்சது?"

"மூணாவது மாடி கக்கூஸ்லங்க."

ஐந்து நிமிடம் தங்களுக்குள் பேசி ஒரு தீர்மானம் போட்டார்கள். கழிவுநீர்க் குழாயில் கிடைக்கும் ஆவணங்கள் வரலாற்றுக்கு மூலாதாரமாகா. தீர்மானத்தை எழுதி முடித்ததும் தலைவர் கேட்டார்: "குழாய் இப்ப சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க."

"நல்லது" என்றார் தலைவர். அவர் குரலில் மெய்யான நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியில் கொஞ்சம் மனம்விட்டும் பேசினார்.

"இங்க பாருப்பா. நீ உழைக்கிறவன். உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். நடந்ததை எழுதறது வரலாறு இல்ல. நடந்ததால எல்லாருக்கும் கஷ்டம்தான். நாங்க எல்லாருக்கும் வசதியா ஒண்ணு எழுதறோம். கப்பல் வந்தப்போ நீங்க இருந்தீங்கன்னு வை, இவங்க உங்ககிட்டேருந்து பறிச்சாங்கன்னு ஆகும். இவங்க நம்மகிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாங்க. அப்ப நாம வச்சிருக்கறது என்ன? திருட்டுப் பொருளா? ஒரு தேசத்தைப் பார்த்து இப்படியெல்லாம் கேக்கலாமா? அப்புறம் அணை. காலியா இருந்த பள்ளத்தாக்குல கட்டினோம்னு பாடப்புத்தகத்துல இருக்கு. சின்னப் பசங்க படிக்கிறாங்க. நீங்க கொஞ்சம் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டா இத்தனை பேரும் யோக்கியமா இருந்துட்டுப் போறோம். அதுல உனக்கு என்ன நஷ்டம்?"

"பொண்ணுக்கு சீட்டு போயிடுங்க" என்றார் பிளம்பர்.

நட்பு நாட்டு ஆலோசகர் நமது மொழியைப் புத்தகத்தில் கற்றவர். கைகளைக் கூப்பிக்கொண்டு பேசினார்: "மறைந்த ஓடைக்காரரிடம் மன்னிப்புக் கோர எமது நாடாளுமன்றம் பெருந்தன்மையுடன் இசைந்துள்ளது. வரும் இருபத்தெட்டாம் நாள் நினைவு நீரூற்றைத் திறந்துவைத்து யாம் தலைகுனிவோம். மறைந்தோர் மன்னிப்பை ஏற்பதில் எந்தத் தடையும் எழுப்புவதில்லை. உயிருடன் இருப்போர் ஏற்பதோடு நில்லாது, பிறவற்றையும் கேட்பர். ஆகவே தீர்மானத்தில் அவர்களுக்கு இடமில்லை."

மனு தள்ளுபடியானது. நடைவழியில் செயலாளர் ஓடிவந்து பிளம்பரின் தோளில் கை வைத்தார்.

"மூணாவது கப்பல்ல வாங்களேன்."

"எதுல?"

"மூணாவது கப்பல்ல தோட்ட வேலைக்குக் கூலியாட்கள் வந்தாங்க. பேர்ப் பட்டியல் எரிஞ்சுபோச்சு. அதனால யார வேணா ஏத்திக்கலாம். ஒரு உறுதிமொழிப் படிவம்தான், நானே நிரப்பிடறேன். உங்க இனத்துக்கு ரெண்டு சீட்டு, அவங்களுக்கு ஆறு. பொண்ணுக்கு லாபம்தான்."

"எங்க ஆளுங்க கடலையே பார்த்ததில்லைங்க."

"அதை யார் கேக்கப்போறாங்க?"

பிளம்பர் படிவத்தை வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் மகள், வாங்காததுதான் சரி என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி நீரூற்றுத் திறப்பு. குழாய் வேலை பிளம்பருக்கு வந்தது. அழிந்துபோன தன் இனத்துக்கு அவரே இரண்டு அங்குலக் குழாய் போட்டு, மோட்டார் பொருத்தி, பீடத்துக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். மௌன அஞ்சலி முடிந்ததும் காவல்காரர் மூடியில் ஒரு தட்டுத் தட்டுவார், உடனே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவு. பீடத்தின் மேல் ஆளுயரத்துக்குப் பொன் எழுத்தில் 'குமா' என்று பொறித்திருந்தார்கள்.

பிளம்பரின் மனைவியும் மகளும் குடியிருப்பிலிருந்து இன்னும் பத்துப் பேரும் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே விடவில்லை.

"அழைப்பிதழ் இருக்கா?" என்று கேட்டார் காவல் அதிகாரி.

"எங்களுக்குத்தானே இது கட்டியிருக்காங்க" என்றாள் மனைவி.

"இது செத்தவங்களுக்கும்மா. மரியாதை செய்ற இடம். சத்தம் போடாம ஓரமா நில்லுங்க."

நின்றார்கள். ஒலிபெருக்கியில் அமைச்சர் பேசினார். ஓடைக்காரர் யாரிடமும் எதையும் கேட்காத பண்பாளர்கள் என்றும், அந்தப் பண்பை மக்கள் பின்பற்ற வேண்டும் என்றும், அவர்கள் மட்டும் இன்று இருந்திருந்தால் தன் கண்ணின் மணிபோல் காத்திருப்பேன் என்றும் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஆலோசகர் முப்பது விநாடி தலை குனிந்தார். தீர்மானத்தில் அவ்வளவு நேரம்தான் இருந்தது. பிறகு பேராசிரியர் மேடையேறி, ஓடைமொழியில் தானே இயற்றிய இரங்கல் பாட்டை ராகம் போட்டுப் படித்தார்.

"போ அந்தப் பக்கம், தாயே, போ அந்தப் பக்கம், நீயே எங்கள் உயிர்" என்று அது தொடங்கியது. அடுத்த வரியில், அகராதியின்படி நிலவு என்றிருக்க வேண்டிய இடத்தில், மனிதர் பொதுவில் சொல்லாத ஓர் உறுப்பு வானத்தில் உதித்தது. பிளம்பரின் மனைவி முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள். முடியவில்லை. அவள் சிரித்ததும் பதினோரு பேரும் சிரித்தார்கள். மகள் தரையில் உட்கார்ந்தே விட்டாள். அதே சமயம் மௌன அஞ்சலி தொடங்கியது. அந்த மௌனத்தில் அவர்கள் சிரிப்பு மேடை வரைக்கும் கேட்டது.

ஓடைக்காரரின் நினைவை அவமதித்த குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஓடைக்காரர்களைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். "நாங்கதான் ஓடைக்காரங்க" என்று அவர்கள் சொன்னதால், பொய்யான அடையாளம் கூறியதாக இரண்டாவது குற்றமும் சேர்ந்தது.

பிளம்பர் குழியிலிருந்து நனைந்த உடம்போடு ஓடினார். நிலையத்தில் ஒரே பெஞ்சில் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அவருக்கு முன்பே வந்திருந்தார். கையில் பன்னிரண்டு படிவங்கள்.

"மூணாவது கப்பல்ல வந்தோம்னு எழுதிக் குடுத்துட்டா ரெண்டாவது கேஸ் நிக்காது. முதல் கேஸ நான் பேசி முடிச்சுடறேன். வேத்து இனத்துக்காரங்க, பாட்டு புரியாமச் சிரிச்சுட்டாங்கன்னு. குடும்பத் தலைவர் போட்டாப் போதும்."

"போடாதீங்கப்பா" என்றாள் மகள். "நான் வேற ஏதாவது படிச்சுக்கறேன்."

பிளம்பர் மனைவியைப் பார்த்தார். சிரித்த களை இன்னும் அவள் முகத்தில் இருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது.

"போட்டுடுங்க" என்றாள். "நாம இருக்கோமா செத்தோமான்னு இவங்ககிட்டக் கேட்டா வாழ்ந்தோம்? நாளைக்கு ஆஸ்பத்திரித் துணி குவிஞ்சு கிடக்கும். இவ காலேஜுக்குப் போகணும்."

"பொய்தானேம்மா அது."

"பொய்தான். சீட்டு நிஜம்."

பிளம்பர் கையெழுத்துப் போட்டார். செயலாளர் கொடுத்த பேனா ஒழுகியது. விரலில் மை ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருடம் பிறர் மலத்தில் விட்ட கை அது. ஒரு நாளும் அவருக்கு அருவருப்பு வந்ததில்லை, வீட்டுக்கு வந்து ஒரு தடவை கழுவிவிட்டுச் சோற்றில் வைப்பார். அன்று நிலையத்தின் பின்பக்கக் குழாயில் மூன்று தடவை கழுவினார். பிறகும் முகர்ந்து பார்த்தார். மறுபடியும் குழாயைத் திறந்தார். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

மகளுக்கு இடம் கிடைத்தது. வழி தெரிந்ததும் குடியிருப்பில் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவனுக்கு வேலை, ஒருத்திக்கு ரேஷன் அட்டை, இன்னொருவருக்குக் கண் ஆபரேஷன். வருடக் கடைசிக்குள் நூற்றிருபது குடும்பமும் கப்பல் ஏறிவிட்டது. இருநூறு பேர் ஏறக்கூடிய கப்பலில் எண்ணூறு முன்னோர் எப்படி வந்தார்கள் என்று யாரோ கேட்டார்கள். இரண்டாம் பதிப்பில் கப்பலைப் பெரிதாக்கினார்கள். நாட்டில் ஓடைக்காரர் ஒருவர்கூட இல்லை என்று பதிவேடுகள் காட்டின. தன் நூல் சொன்னது அப்படியே மெய்யானதற்காகப் பேராசிரியருக்கு விருது கிடைத்தது.

அதற்கடுத்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஆசிரியை ஒருவர் குடையும் அட்டையுமாகத் தகர வீட்டுக்கு வந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். ஆசிரியை வெயிலில் களைத்திருந்தார். குடித்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"இனம்?"

"மூணாவது கப்பல்" என்றார் பிளம்பர். இப்போதெல்லாம் அது தடங்கலில்லாமல் வந்தது.

"அப்படின்னா இங்க ஒரு கேள்வி இருக்கு. முன்னோர் எங்கேருந்து வந்தாங்க?"

பிளம்பர் மனைவியைப் பார்த்தார். படிவத்தில் அந்தக் கேள்வி இருந்ததில்லை. செயலாளரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர் திரும்பி, அணை இருந்த திசையில் கையைக் காட்டினார்.

"அங்கேருந்துதாங்க. தண்ணிக்குள்ளேருந்து."

ஆசிரியை அந்தத் திசையைப் பார்க்கவில்லை. தலையாட்டிக்கொண்டே 'கடல் வழியாக' என்று எழுதி, அடுத்த வீட்டுக்குப் போனார்.